மேசைக்கு ஏற்ற மாப்பிள்ளை

கோணாமலையர் செத்து மூன்று மாரி போய்விட்டது. ஆரையம்பதியில் அவருடைய தையல் கொட்டிலில் இன்றைக்கும் அவர் உயரத்தில்தான் வேலை நடக்கிறது.

போன கிழமை இந்தப் பத்தியை வாசிக்கத் தவறியவர்கள் பயப்பட வேண்டாம். மேசை அதே இடத்தில்தான் நிற்கிறது.

கோணாமலையர் கட்டையான மனிதர். கோயில் திருவிழாவில் அவர் தொலைந்தால் வீட்டார் தேட மாட்டார்கள். கூட்டம் கலையும்வரை பார்த்துக்கொண்டிருப்பார்கள். வாவியில் மற்றவர்கள் நடந்து வலை வீசுகிற இடத்தில் அவர் நீந்தினார். அப்படிப்பட்டவர் தன் முழங்கைக்கு அளவாக ஒரு வெட்டுமேசை செய்வித்து, அதில் நின்று துணி வெட்டி, இரண்டு பெண்பிள்ளைகளை வளர்த்து, ஒரு நாள் அந்த மேசையிலேயே தலையைச் சாய்த்துப் போய்ச் சேர்ந்தார். சாய்த்த தலைக்கும் மேசை அளவாகத்தான் இருந்தது.

அன்றிலிருந்து அவர் மனைவி இலட்சுமிப்பிள்ளை மேசைக்கு மேலே அவருடைய படத்தை மாட்டி, சிவப்பு மின்குமிழ் ஒன்றையும் எரியவிட்டிருக்கிறார். மேசையை ஆரும் அசைக்கக் கூடாது என்பது அவர் கட்டளை.

இப்போது அதில் நின்று வெட்டுகிறவன் சுதாகரன். மூத்தவள் கம்சாயினியைக் கட்டி, வீட்டோடு வந்த மருமகன். மாங்கேணிப் பொடியன். உயரமென்றால் அப்படி ஒரு உயரம். அவன் ஊர்க் கரையில் நின்றால் கடலுக்குப் போன தோணிகள் அவனைக் குறிவைத்துத்தான் கரை சேருமாம். அவன் கலியாணம் முடித்து இங்கே வந்த கிழமை இரண்டு தோணிகள் வழி தப்பி வாகரைக்குப் போய்விட்டன. வாகரையில் விசாரித்துப் பாருங்கள், ஆரும் மறுக்க மாட்டார்கள்.

அந்த உயரம் மாமனாரின் மேசைக்கு வர வேண்டுமென்றால் இடுப்பில் மடிய வேண்டும். மடிந்தான். வருடக்கணக்காக மடிந்தான்.

போன மாதம் ஆரையம்பதிச் சந்தியில் அவனுடைய ஒரு செருப்புக் கழன்று போனது. வீடுவரை நடந்து வந்து, கிணற்றடியில் கால் கழுவும்போதுதான் செருப்பில்லை என்று கண்டான். வலது கால் அவனிடம் எதையும் சொல்வதை நிறுத்தியிருந்தது. வைத்தியர் அவன் முதுகெலும்புப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னொரு சீசன் இப்பிடிக் குனிஞ்சா, அந்தக் கால் திரும்பி வராது தம்பி," என்றார்.

நாளைக்குத் திங்கட்கிழமை. பள்ளிக்கூடச் சீருடைக்கு வெள்ளைத் துணி வெட்டத் தொடங்குகிறார்கள். தைப்பொங்கல்வரை நிமிர நேரமில்லை. ஆகவே இன்றைக்குள் மேசை உயர்ந்தாக வேண்டும்.

இதற்கென்றே இளையவள் விதுர்ஷா கொழும்பிலிருந்து வந்திருக்கிறாள். வேலை செய்கிற உடம்புக்கு ஏற்றபடி மேசையும் கதிரையும் இயந்திரமும் அமைக்கிற படிப்புப் படித்தவள். ஒரு ஆடைத் தொழிற்சாலையில் அதுதான் அவள் உத்தியோகம். வந்த அன்றே அத்தானின் முழங்கையை அளந்து, மரவேலை ஓடாவியாரிடம் சொல்லி, மேசைக் கால்களுக்குக் கீழே வைக்க நாலு முதிரை மரக் கட்டைகள் அறுத்து வைத்துவிட்டாள்.

ஞாயிறு காலை. மழை விட்டிருந்தது. கொட்டிலின் பின்னால் வாவித் தண்ணீர் வேலிவரை வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"புள்ள, மருமகன் அந்த மேசையில கை வைக்கப் போறார்போல கிடக்கு. வைக்க வேணாமெண்டு சொல்லு," என்றார் இலட்சுமிப்பிள்ளை.

மருமகன் அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றான். ஆனால் இலட்சுமிப்பிள்ளை மருமகனோடு நேரே பேச மாட்டார். அது மரியாதை. மகளைப் பார்த்துச் சொல்வார். மகள் இல்லாவிட்டால் புருஷனின் படத்தைப் பார்த்துச் சொல்வார். கரண்ட் போய்ப் படம் இருட்டிவிட்டால் தையல் மெஷினைப் பார்த்துச் சொல்வார். எப்படியும் அவனுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

"அம்மா, மேசைய உடைக்கல்ல, வெட்டல்ல," என்றாள் விதுர்ஷா. "காலுக்குக் கீழ கட்டை வைக்கிறம். அவ்வளவுதான். அப்பா இருந்திருந்தா அவரே செஞ்சிருப்பார்."

"அப்பா இருந்திருந்தா மருமகன் எதுக்கு?"

சுதாகரன் மேசையில் வைத்த கையை எடுத்தான்.

விதுர்ஷா படித்தவள் என்று சொன்னேன். படித்தவர்களுக்கு விளங்கப்படுத்தினால் சனம் விளங்கிக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அவள் குசினிக்குப் போய் ஒரு பூசணிக்காயைத் தூக்கி வந்து தாயிடம் கொடுத்தாள்.

"இத நெஞ்சோட அணைச்சுப் பிடிங்க. பாரமா?"

"இல்ல."

"இப்ப கைய முன்னுக்கு நீட்டி, உள்ளங்கையில வெச்சுப் பிடிங்க."

இலட்சுமிப்பிள்ளை வலது கையை நீட்டிப் பிடித்தார்.

"அதே பூசணிக்காய்தான். ஆனா இப்ப கை இழுக்குதுதானே? நிமிர்ந்து நிக்கக்குள்ள நம்மட தலையும் தோளும் முதுகெலும்புக்கு நேர மேல இரிக்கும். குனிஞ்சா அது முன்னுக்குப் போயிரும். மறுகா முதுகுதான் அத இழுத்துப் பிடிக்கணும், உங்கட கை இப்ப பிடிக்கிற மாதிரி. அத்தான் விடிஞ்சா பொழுதுபட்டா இதத்தான் செய்யிறார்."

அருமையான விளக்கம். வேறு எந்தத் தாயாக இருந்தாலும் கை நடுங்கி, காயைக் கீழே வைத்து, கண் கலங்கியிருப்பார்.

இலட்சுமிப்பிள்ளை காயை வைக்கவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே, கோணாமலையரின் வரலாற்றைத் தொடங்கினார். அவர் கோயில் திரைச்சீலை தைத்தது, புயலடித்த வருடம் கூரையில்லாத கொட்டிலில் நின்று வெட்டியது, காய்ச்சலோடு வெட்டியது, காய்ச்சலில்லாமல் வெட்டியது. கம்சாயினி மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். முற்றத்துக் கோழி முட்டையிட்டு, கொக்கரித்து, அலுத்துப்போய் மேயப் போனது. கை அசையவில்லை.

"ஒருநாளும் முதுகு நோகுதெண்டு அவர் சொன்னதில்ல," என்று முடித்தார். "இந்தக் காயும் பாரமில்ல."

"அப்பாவுக்கு அந்த மேசை அளவும்மா! அவர் குனியவே இல்லியே!"

"அதத்தான் நானும் சொல்றன்." காயைக் கம்சாயினியிடம் கொடுத்தார். "இதக் கறியாக்கு. நண்டும் வாங்கி வெச்சிரிக்கன். மத்தியானம் ஆக்கள் வாறாங்க."

"ஆர் வாறாங்க?"

வலது கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு இலட்சுமிப்பிள்ளை உள்ளே போனார். அந்தக் கை உள்ளே என்ன பாடுபட்டது என்று ஆரும் கவனிக்கவில்லை.

விதுர்ஷா கட்டைகளை எடுக்கப் போனாள். மெஷினுக்குக் கீழே வைத்த இடத்தில் கட்டைகள் இல்லை. வேலியோரம் இல்லை. கிணற்றடியில் இல்லை.

குசினியில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்புக்குள் முதிரை நின்று எரிந்தது. சதுரமாக அறுத்த மூலை ஒன்று இன்னும் மூலையாகவே இருந்தது.

"அக்கா!"

கம்சாயினி திரும்பவில்லை. "அம்மா விறகெண்டா."

"அது என்னெண்டு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அத்தான்ட கால் போயிரும், அக்கா. விளங்குதா உனக்கு?"

கம்சாயினி அகப்பையால் சோற்றைக் கிளறினாள். "போன வருஷம் கட்டாருக்கு வேலைக்குப் போறன் எண்டு நிண்டவர். பாஸ்போர்ட்டும் எடுத்திட்டார். மெடிக்கல்ல முதுகு சரியில்லெண்டு கிறுகி அனுப்பிட்டாங்க." சோற்றில் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தாள். "நம்மட ஒழுங்கையில கட்டாருக்குப் போனவனுகள்ல எத்தின பேர் பொஞ்சாதிக்கிட்டக் கிறுகி வந்தவனுகள்? நீ படிச்சனி, நீயே சொல்லு."

"அதுக்கு?"

"நிமிர்ந்தா போயிருவார், விது."

பருக்கை நன்றாக நசுங்கியது. அவள் பானையை இறக்கினாள்.

சுதாகரன் குசினி வாசலில் தண்ணீர்ச் செம்போடு நின்றான். எப்போது வந்தான் என்று தெரியாது. அவன் காலடி இப்போதெல்லாம் ஒரு பக்கம்தான் கேட்கும். தண்ணீரைக் குடிக்காமலே செம்பைத் திண்ணென்று நிலத்தில் வைத்துவிட்டுப் போனான்.

மத்தியானம் ஆக்கள் வந்தார்கள். கல்குடாவிலிருந்து ஒரு ஓட்டோ. இறங்கியவர் ஒரு பருத்த மாமன். பின்னால் ஒரு பொடியன், பெயர் நிலோஜன். வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. இறங்கும்போதே தலையைக் குனிந்து இறங்கினான். இறங்கிய பிறகும் தலை அப்படியே இருந்தது. வெட்கம் என்று விதுர்ஷா நினைத்தாள்.

"இவர் ஆர் அம்மா?"

"உனக்குப் பார்த்த மாப்பிள்ளை."

விதுர்ஷா தாயைப் பார்த்தாள். தாய் படத்தைப் பார்த்தார்.

"நீதானே போன்ல சொன்னாய், இந்த மேசை எந்த உயரமான ஆளுக்குச் சரியெண்டு. நான் மறக்கல்ல."

சொன்னது உண்மை. போன மாதம் அத்தானின் கால் விசயம் கேட்டு, தாய்க்கு விளங்கட்டும் என்று விதுர்ஷா போனில் சொன்னாள்: "அம்மா, நீங்க சேலைக் கொய்யகம் சொருகிற உயரத்தில ஆருக்கு முழங்கை இரிக்கோ, அவருக்குத்தான் இந்த மேசை பொருந்தும்."

அதற்குப் பிறகு இலட்சுமிப்பிள்ளை செங்கலடிக்கும் வாழைச்சேனைக்கும் கல்குடாவுக்கும் மாப்பிள்ளை பார்க்கப் போனார். சாதகம் கேட்கவில்லை. குணம் கேட்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பையோடு பொடியனுக்குப் பக்கத்தில் போய் நின்று, அவன் முழங்கை தன் இடுப்பில் சொருகிய கொய்யகத்துக்கு நேரே வருகிறதா என்று பார்த்தார். ஒரு வீட்டில் முழங்கை சற்று உயர்ந்துவிட்டதாம். தேத்தண்ணியை முடிக்காமலே எழும்பி வந்துவிட்டார்.

"கொட்டிலும் மேசையும் உனக்குத்தான் சீதனம்," என்றார். "வாறவர் வெட்டுவார். மேசையும் அசையத் தேவையில்ல, ஆரும் குனியவும் தேவையில்ல. நீ படிச்சதும் இதுதானே?"

"நான் படிச்சது ஆளுக்கேத்த மேசை செய்ய!"

"நான் மேசைக்கேத்த ஆள் எடுத்திரிக்கன். பொருந்தினாச் சரிதானே."

பல்கலைக்கழகத்தில் எந்தச் சோதனையிலும் இந்தக் கேள்வி வரவில்லை.

"அப்ப அத்தான்?"

"மருமகனுக்கு என்ன? பொஞ்சாதிட வீடு இரிக்கி. கதிரையப் போட்டு நல்லா நிமிர்ந்து குந்தச் சொல்லு. டாக்குத்தரும் அதத்தானே சொன்னவர்."

"மாமி," என்றான் சுதாகரன். "எனக்கு வேற தொழில் தெரியா மாமி. வெட்டினாத்தான் நான் இந்த வீட்டில சோறு திங்கிற ஆள். வெட்டாட்டி நான் ஆர்?"

இலட்சுமிப்பிள்ளை படத்திடம் சொன்னார்: "கேட்டீங்களா? நல்ல கேள்வி கேக்கிறார்."

மாமன் நண்டுக்கால் ஒன்றைக் கடித்து உறிஞ்சினார். பூசணிக்காய்க் கறியை இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார். பெண் வீட்டுச் சண்டையில் கறி ஆறிவிடக் கூடாது என்பதில் அவர் கவனமாக இருந்தார்.

சாப்பிட்டு முடிந்ததும் எல்லாரும் கொட்டிலுக்கு வந்தார்கள். திங்கட்கிழமைக்கு விரித்த வெள்ளைத் துணி மேசையில் கிடந்து, மீதி நிலத்தில் பாய்போல மடிந்து கிடந்தது. சிவப்புக் குமிழ் எரிந்தது.

"தம்பி, அந்த மேசையடியில ஒருக்கா நில்லுங்க," என்றார் இலட்சுமிப்பிள்ளை. மருமகனாகும்வரை நேரே பேசலாம்.

நிலோஜன் போய் நின்றான். இரண்டு முழங்கைகளும் மேசை விளிம்புக்கு வந்து, கூட்டுக்கு வந்த புறாக்கள்போல இருந்துகொண்டன. ஒரு விரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கோணாமலையர் எழும்பி வந்தால்கூட இவ்வளவு பொருந்தியிருக்காது.

"அளவு!" என்றார் இலட்சுமிப்பிள்ளை. மூன்று மாரிக்குப் பிறகு அவர் முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பு வந்தது.

விதுர்ஷா பின்னால் நின்று பார்த்தாள். தொழில் கண். சட்டையின் முன்பக்கம் தொங்கி, பின்பக்கம் மேலே ஏறியிருந்தது. கழுத்தின் கீழே முள்ளெலும்பு துணியைத் தள்ளிக்கொண்டு நின்றது. கால்கள் நீளம். ஒரு கட்டையான ஆளுக்கு அவ்வளவு நீளமான கால் இருக்காது.

"நீங்க முதல்ல எங்க வேலை செஞ்சீங்க?"

"ஒரு தையல் கடையில. சின்னதில இரிந்து."

"அங்கத்த மேசை எப்பிடி?"

"பதிவு, தொடை உயரம்தான். முதலாளி கதிரையில குந்தி வெட்டுறதுக்கெண்டு செஞ்ச மேசை." நிலத்தைப் பார்த்தபடியே சொன்னான். "மறுகா அவர் வெட்டுறத விட்டுட்டார். நாங்க நிண்டு வெட்டினம். எங்களுக்குக் கதிரை இல்ல."

"ஒருக்கா நிமிர்ந்து நில்லுங்க."

நிலோஜன் கண்ணை மட்டும் மேலே சுழற்றி அவளைப் பார்த்தான். குறும்பில்லை, கோபமில்லை. கேட்டது விளங்காத முகம்.

"நிமிர்ந்துதானே நிக்கிறன்," என்றான்.

மாமன் பல்லிடுக்கில் மாட்டிய நண்டுச் சதையை நாக்கால் தேடிக்கொண்டே சொன்னார்: "பொடியன் நல்ல பணிவு. எங்கட ஊரில எல்லாரும் சொல்லுவாங்க."

"அம்மா," என்றாள் விதுர்ஷா. "இவர் கட்டையில்லம்மா. நிமிர்ந்தா இவரும் அத்தான்ட உயரம். ஆரோ இவர மடிச்சு வெச்சிரிக்காங்க."

இலட்சுமிப்பிள்ளை நிலோஜனை மேலும் கீழும் பார்த்தார். யோசித்தார். யோசித்து முடித்த முகத்தில் முன்னையதைவிடத் திருப்தி தெரிந்தது.

"அது இன்னும் நல்லது," என்றார். "இவருக்குப் புதுசா வளையத் தேவையில்ல. மருமகனுக்குத்தான் இன்னும் நோகுது."

கம்சாயினி வாயைப் பொத்தினாள். அவள் புருஷன் பொத்தவில்லை. அவன் சிரித்தான்.

"என்ன புள்ள, சம்மதமா?" தாய் விதுர்ஷாவைக் கேட்டார்.

விதுர்ஷா நிலோஜனின் கழுத்தெலும்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரி, மறுகா சொல்லு. முதல்ல கத்தரிக்கோல் கை மாறட்டும். நல்ல நேரம் போகுது. கம்சாயினி, உன்ட புருஷனிட்ட வாங்கி என்ட கையில தா."

அது கோணாமலையரின் கத்தரிக்கோல். இரும்பு. இரண்டு கையால் தூக்க வேண்டியதை அவர் ஒரு கையால் தூக்கினார் என்று ஊரில் பேச்சு. முனை இன்றைக்கும் ஊசி.

கம்சாயினி அசையவில்லை. சுதாகரனே கத்தரிக்கோலை எடுத்தான். எடுத்துக்கொண்டு ஒரு காரியம் செய்தான். நிமிர்ந்தான்.

மெதுவாகத்தான். முதுகில் ஒவ்வொரு எலும்பும் தன் பெயரைச் சொல்லிச் சொல்லி எழும்பியது. தலை கூரைத் தகரத்தில் முட்டியது. மாமனாரின் படம் அவன் நெஞ்சுக்குக் கீழே போய்விட்டது. நெற்றி வேர்த்தது. ஆனால் நின்றான், மாங்கேணிக் கரையில் நின்ற மாதிரி.

"இந்தாங்க மாமி," என்றான். "மகளுக்கிட்டச் சொல்ல வேணாம். படத்துக்கிட்டயும் சொல்ல வேணாம். என்ட கையில இரிந்து நேர வாங்குங்க. இனி நான் ஒண்டுக்கும் குனிய மாட்டன்."

வாங்காமல் விட்டால் பயந்ததாகிவிடும். இலட்சுமிப்பிள்ளை சேலைத் தலைப்புக்குள்ளிருந்து வலது கையை எடுத்தார். காலையில் பூசணிக்காய் பிடித்த கை. நீட்டினார். கத்தரிக்கோல் அதில் இறங்கியது. விரல்களை மூடச் சொன்னார். விரல்கள் மூடவில்லை.

கத்தரிக்கோல் விழுந்தது.

இலட்சுமிப்பிள்ளை கீழே பார்த்தார். கம்சாயினி பார்த்தாள். விதுர்ஷாவின் கை மேசை விளிம்பைப் பிடித்தது. ஆனால் எல்லாருக்கும் முதலே கண்டவன் நிலோஜன்தான். அவன் கண் எப்போதும் அங்கேதானே இருக்கிறது. சுதாகரனின் வலது காலடியில் மடிந்து கிடந்த வெள்ளைத் துணி சிவக்கத் தொடங்கியது. குமிழின் சிவப்பில்லை.

சுதாகரன் மட்டும் குனியவில்லை. தகரத்தில் தலை முட்ட, நேரே பார்த்துக்கொண்டு நின்றான். ஒருவர் முகத்திலும் இரத்தமில்லை என்பதைக் கண்டு அவனுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது.

"என்ன எல்லாரும் விறைச்சுப்போய் நிக்கிறீங்க?" என்றான். "கத்தரிக்கோல்தானே. விழுந்த சத்தமும் கேக்கல்லியே. எங்க விழுந்திச்சு?"